காற்றுப் புகாத மூடி

1961ஆம் ஆண்டு ஆனி மாதம் என் மோட்டார் சைக்கிளின் பெற்றோல் டாங்கி மூடி பழுதாகிவிட்டது. மரை தேய்ந்து மழைத்தண்ணீர் உள்ளே இறங்கியது. தலவாக்கலையில் லாபிர் நானாவின் கடையில் அதே மூடி இல்லை. வேறு ஏதோ வண்டிக்குரிய, பளபளக்கும் மூடி ஒன்றை எடுத்துத் தந்தார்.

"காத்துக்கூட உள்ளுக்குப் போகாது, கண்டாக்கையா. நம்ம மழைக்கு இதுதான் சரி."

தேயிலைத் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் என்பதால் நான் எல்லோருக்கும் கண்டாக்கையா. மூடியின் மரை ஒரு நூல் அளவு பொருந்தவில்லை. தோட்டத்து ஃபெக்டரிப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கே மெஷின் பொருத்தும் பிட்டர் வேலையில் ஆண்டியப்பன் இருந்தான். அவன் என் ஒரே மகள் வடிவின் புருஷன். ஆனாலும் மருமகன் என்று நான் சொல்வதில்லை. என் தகப்பனார் இந்தத் தோட்டத்துக்கு முந்நூறு பேரைக் கூட்டி வந்த பெரிய கங்காணி. அந்த வீட்டுப் பெண் சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போனாள். அன்றிலிருந்து நாலு வருடம் நான் அவளோடு பேசவில்லை.

ஆண்டியப்பன் மரையைச் சீவி மூடியைப் பொருத்தினான். பிறகு தயங்கி நின்றான்.

"ஐயா, இதுல மூச்சு ஓட்டை இல்லீங்க. பழசுல பாருங்க, ஊசி மொனை அளவுக்கு இருக்கு. பெற்றோல் எறங்க எறங்க உள்ள காத்துப் போகணும். இல்லாட்டி தூரமாப் போறப்ப வண்டி நின்னுரும். ரெண்டே நிமிசம், போட்டுத் தர்றேங்க."

எஞ்சின் பார்க்கும் செல்லசாமி மூலையிலிருந்து குரல் கொடுத்தான். "மாமனார் டாங்கிக்கு மருமகன் ஓட்டை போடுறாரு டோய்!"

பட்டறையே சிரித்தது.

"என் வண்டியில எவனும் ஓட்டை போட வேணாம்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். தேயிலை மலைக்கும் ஆபீசுக்குமாகத் தினமும் தோட்டத்துக்குள் ஓடிய இரண்டு மைலுக்கு அது ஒரு குறையும் காட்டவில்லை. அவன் சொன்னது பொய் என்றே வைத்துக்கொண்டேன்.

ஆவணியில், எனக்குக் கிடைத்திருந்த இலங்கைப் பிரஜாவுரிமை ஆண்டியப்பனுக்கும், அவன் மனைவி என்பதால் வடிவுக்கும் இல்லையென்று கடிதம் வந்தது. விசாவும் முடிந்திருந்தது. ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, தலவாக்கலையில் பதினொரு மணி ரயிலேறித் தலைமன்னார் போய்க் கப்பலில் இந்தியாவுக்குப் போக வேண்டும்.

முதல்நாள் என் மனைவி நாகலெட்சுமி சொன்னாள். "புள்ள வேற ஒன்னும் கேக்கலங்க. டேசனுக்கு வந்து ஒருக்கா மொகம் காட்டுனாப் போதும்னுச்சு."

நான் விளக்கை அணைத்துப் படுத்துக்கொண்டேன். காலையில் அவள் லயத்துச் சனங்களோடு லொறியில் போய்விட்டாள். வீடு வெறிச்சென்று இருந்தது. ஒன்பதரை மணிக்கு எழுந்து, டாங்கி நிறையப் பெற்றோல் ஊற்றி மூடியை இறுக்கிப் புறப்பட்டேன். ஒன்பது மைல். நேரம் தாராளமாக இருந்தது.

மூன்றாவது மைலில் எஞ்சின் விக்கி நின்றது. பெற்றோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்தேன். காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டது. டாங்கி நிறைந்திருந்தது. ஒரே உதையில் வண்டி கிளம்பியது.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. மூடியை அரைச் சுற்றுத் தளர்த்தி வைத்திருந்தால் போதும். அவன் சொன்னதைச் செய்வதா என்ற எண்ணம் குறுக்கே வந்தது. பெற்றோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டு, முன்னைவிட இறுக்கமாகத் திருகினேன்.

ஆறாவது மைலில் மறுபடியும் நின்றது. மழை பிடித்துக்கொண்டது. மூடியை நான் தொடவில்லை. பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். காபரேட்டரைக் கழற்றி ஊதினேன். எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, உதைத்து உதைத்துக் கால் மரத்துப் போனது. கைக்கடிகாரத்தில் பத்து ஐம்பது. அதன்பிறகுதான் மூடியைத் தளர்த்தினேன். மிச்சத் தூரம் பெற்றோல் தளும்பி வேட்டியை நனைத்தது. வண்டி நிற்காமல் ஓடியது.

ஸ்டேசனில் ரயில் இல்லை. லயத்துச் சனங்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். நாகலெட்சுமி மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, இப்பவா வர்றீங்க?"

"வண்டி மக்கர் பண்ணிருச்சு."

"மாப்பிள்ளையும் அதைத்தாங்க சொன்னாரு. ஐயா கெளம்பித்தான் இருப்பாங்க, வண்டி வழியில நின்னிருக்கும், நான் அன்னைக்கே கெஞ்சியாவது அந்த ஓட்டையப் போட்டுக் குடுத்திருக்கணும்னு. நீங்க கெளம்பியே இருக்க மாட்டீங்கன்னு புள்ள அழுதுச்சு. ரயில் பெட்டிக் கதவைப் புடிச்சுக்கிட்டு ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னுச்சு."

"எந்த ஊருக்குப் போறாங்க? விலாசம் வாங்கினியா?"

"ஊரே தெரியாதுங்க அவங்களுக்கு. அக்கரையில எறங்குன பெறகு அனுப்புற எடத்துக்குப் போகணுமாம்."

ஸ்டேசன் மாஸ்டர் பச்சைக் கொடியைச் சுருட்டிக்கொண்டு வந்தார். சிங்களவர், என்னைத் தெரியும்.

"கண்டாக்கையா, யாரை அனுப்ப வந்தது?"

வேறு நாளில் இப்படிக் கேட்டிருந்தால் பார்சல் பார்க்க வந்தேன் என்றிருப்பேன்.

"மகளையும் மருமகனையும்" என்றேன்.

நாகலெட்சுமி தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு தண்டவாளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.