மஞ்சள் கோட்டுக்கு வெளியே

தாண்டவராயன் முதன்முதலாக ஓடி வந்து என் வாசலில் நின்றபோது, குடித்துவிட்டு யாரிடமோ வம்பிழுத்து, அடிக்குப் பயந்து ஓடி வந்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி. பனியன் உடம்போடு ஒட்டியிருந்தது. முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"எங்கேர்ந்து ஓடியார?" என்றேன்.

"வூட்லேர்ந்து."

"எந்த வூடு?"

"நம்ம வூடு."

ஒரகடத்தை ஒட்டிய எங்கள் ஊரிலிருந்து சுங்குவார்சத்திரத்தில் நான் குடியிருக்கும் அறைக்குப் பதினாறு கிலோமீட்டராவது இருக்கும். லாரியும் கம்பெனி பஸ்ஸும் போகிற ரோடு.

"ஏன், இன்னிக்கு பஸ்ஸு ஓடலியா?" என்று கேட்டுவிட்டு, தண்ணீர்ச் செம்பைப் படிமேல் வைத்தேன். கையில் கொடுக்கவில்லை.

கட்டிய புருஷனை அவன் இவன் என்கிறாளே என்று யாருக்காவது தோன்றலாம். பத்தொன்பது வருஷம் அவனோடு குடித்தனம் நடத்திப் பார்த்துவிட்டு அவர்கள் வந்து பேசட்டும். ஒருமுறை கக்கூஸ் என்று நினைத்து அரிசி டிரம்மில் மூத்திரம் போனான். அந்த அரிசியைத் தெருக்கோடியில் கொட்டும்போது எங்கள் மகள் தென்றல் என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. மறுநாள் காலையில் என் காலில் விழுந்தான். சாயங்காலம் மறுபடி கடையில் விழுந்து கிடந்தான். மலைக்கு மாலை போட்டு நாற்பத்தெட்டு நாள் தொடாமல் இருந்தான். ஊருக்கே ஆச்சரியம். இறங்கி வந்த அன்றைக்கு, நாற்பத்தெட்டு நாளுக்கும் சேர்த்துக் குடித்தான்.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். திருமலை விஷயத்தைத்தான் விட முடியாது.

தாண்டவராயன் ஒரு லாரி பாகங்கள் செய்யும் கம்பெனியில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், ஃபர்ஸ்ட் ஷிஃப்டில், இரும்புச் சாமான் அடுக்கிய வண்டியை ஆள் நடக்கிற பாதைக்குள் விட்டுவிட்டான். அங்கே நின்றிருந்த திருமலையின் இடது காலில் ஏறியது. இரண்டு விரல் போயிற்று. அந்தக் கம்பெனியில் வண்டிக்கும் ஆளுக்கும் நடுவே தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கும். திருமலைதான் கோட்டைத் தாண்டி வெளியே வந்தார் என்று என்கொயரியில் சொன்னான். கேமரா அன்றைக்கு வேலை செய்யவில்லை. அவன் பேச்சு எடுபட்டது. விரல் போன மனுஷனுக்கு, பாதுகாப்பு விதியை மீறினாய் என்று மெமோ கொடுத்தார்கள். பிறகு கேட்டில் செக்யூரிட்டியாக உட்கார வைத்தார்கள்.

எனக்கு உண்மை அன்றைக்கே தெரியும். வீட்டுக்கு வந்து, சிரித்துக்கொண்டே சொன்னான். "எப்டி தப்சேன் பாத்தியா?" என்றான். அவன் வேலை போய்விடுமே என்று நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த வேலையும் மூன்று மாதத்தில் போயிற்று, கேட்டிலேயே தள்ளாடி விழுந்ததால். அதற்குப் பிறகுதான் தென்றலைக் கூட்டிக்கொண்டு நான் கிளம்பினேன். வல்லத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல் வேலை கிடைத்தது.

அவன் ரத்த வாந்தி எடுத்ததும், கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில் இருபத்தாறு நாள் கிடந்ததும் மெர்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும். மெர்சி எங்கள் ஊர்க்காரி, கேன்டீனில் என்னோடு வேலை செய்பவள். நான் போய்ப் பார்க்கவில்லை. அவன் முதல் தடவை என் வாசலுக்கு ஓடி வந்த பிறகு, அவளே ஒரு செய்தி கொண்டுவந்தாள்.

"அக்கா, உன் வூட்டுக்காரரு ஏரிக்கர மேல லுங்கிய மடிச்சிக் கட்டிகினு ஓடறாரு. பின்னாடியே நாலு நாயி ஓடுது."

"நாய்ங்களுக்காச்சும் ஒரு வேல கெடச்சுதே," என்றேன்.

ஏன் ஓடினான் என்பதைப் பின்னாளில் அவனே சொன்னான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், சாயங்காலம் ஆறு மணியானால் கால் தானாகக் கடைப்பக்கம் நடந்ததாம். நின்றால் போய்விடுவோம் என்று பயந்து, கடைக்கு எதிர்த்திசையில் ஓடினானாம். முதல் நாள் பஸ் ஸ்டாப் வரைக்கும். அங்கே வாந்தி. மறுநாள் அதையும் தாண்டி மதகு வரைக்கும். திரும்பி வருவதற்குள் உடம்பில் எதற்கும் தெம்பு இருக்காது, குடிப்பதற்குக்கூட. விழுந்து தூங்கிவிடுவான். நாற்பத்திரண்டு வயதில் இப்படித்தான் ஆரம்பித்தது. இதில் வீரம் எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. ஊரில் எத்தனையோ பேர் சாயங்காலம் ஆறு மணிக்கு ஓடாமலேயே குடிக்காமல் இருக்கிறார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் ஓடி வந்தான். அதற்கடுத்த ஞாயிறும். மூன்றாவது முறை நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"ஊது."

"இன்னா?"

"வாயத் தொறந்து ஊதுய்யா. போலீஸ்காரன் கேட்டா மட்டும் ஊதுவியா?"

ஊதினான். ஏலக்காய், புதினா, பாக்கு என்று எந்த வாசனைக்குப் பின்னால் எது ஒளிந்திருக்கும் என்பது எனக்கு அத்துப்படி. ஒன்றும் இல்லை. வியர்வையும் வெறும் வயிற்று வாடையும்தான். தண்ணீரைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அதுதான். ஓடி வருவான், ஊதுவான், படியில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பான், தென்றல் படிப்பதைப் பற்றி இரண்டு கேள்வி கேட்பான், பஸ் பிடித்துப் போய்விடுவான். பக்கத்து அறைக்காரர்கள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். "பாவங்க, இவ்ளோ தூரம் ஓடியாராரு," என்றாள் ஒருத்தி. "பாவமா இருந்தா நீ உள்ள கூப்ட்டு இட்லி போடு," என்றேன். அதோடு அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இரண்டாம் வருஷம் ஒரு ஞாயிறு அவன் வரவில்லை. ஒன்பது மணிக்கு நான் சிரித்தேன். தென்றலிடம், "பாத்தியா, நான் சொன்னேன்ல?" என்றேன். நான் சொன்னது நடந்ததில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை.

அடுத்த ஞாயிறு வந்தான். ஓடி வரவில்லை, நடந்து வந்தான். படிக்கு நாலடி தள்ளியே நின்றுகொண்டான்.

"ஊத வேணாம் சசி. முந்தின வாரம் வியாழக்கெழம குடிச்சேன். வெள்ளியும் குடிச்சேன். சனிக்கெழமலேர்ந்து இல்ல."

கதவைச் சாத்திவிட்டேன். உள்ளே வந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. பிடிபடாமல் அவனாக ஒரு தப்பை ஒப்புக்கொண்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. ஆனாலும் கதவைத் திறக்கவில்லை. அவன் போய், மறுபடி மதகு வரைக்கும் ஓடுவதிலிருந்து ஆரம்பித்தான்.

பிறகு ஒரு கான்ட்ராக்டர் மூலமாக வேறொரு கம்பெனியில் ஸ்டோர்ஸில் பெட்டி தூக்கும் வேலை கிடைத்தது. போன வருஷம், நாற்பத்தாறு வயதில், சென்னையில் நடந்த மாரத்தானில் நாற்பத்திரண்டு கிலோமீட்டரும் ஓடி முடித்தான். ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனதாம். கடைசி ஆளுக்குக் கொஞ்சம் முன்னால் வந்தானாம். இது அவன் கம்பெனிக்குத் தெரிந்துவிட்டது. குடித்தபோது ஒருத்தனும் எட்டிப் பார்க்கவில்லை. ஓடியதும் எல்லாரும் வந்து தோளில் கை போட்டார்கள். ஹெச்.ஆரில் இருந்த பிரவீன் என்ற பிள்ளையாண்டான் எனக்குப் போன் செய்தான்.

"மேடம், சாரோட சக்சஸுக்கு நீங்கதான் இன்ஸ்பிரேஷன். சனிக்கிழமை ஃபங்ஷன்ல நீங்க ரெண்டு வார்த்தை பேசணும்."

"எந்த சாரு?" என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

ஒரகடம் சந்திப்பில் பேனர் வைத்திருந்தார்கள். மெடலைக் கடித்துக்கொண்டு தாண்டவராயன் சிரிக்கிறான். மேலே, 'போதையை வென்ற பாதங்கள்' என்று பெரிய எழுத்து. பாதம் என்ற சொல்லைப் படித்ததும் எனக்குத் திருமலையின் கால்தான் கண்ணில் நின்றது.

அந்த ஞாயிறு அவன் வந்தபோது ஊதச் சொல்லவில்லை.

"ஃபங்ஷனுக்கு வருவியா சசி?" என்றான். முகத்தில் ஒரு பூரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடுனியே. திருமலை வூடு உனக்கு நாலு கிலோமீட்டர். ஒரு நாளு அந்தப் பக்கம் ஓடியிருக்கியா?"

அவன் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"பயமா கீது சசி," என்றான்.

"எனக்கும்தான் பயம். கெளம்பு."

பஸ்ஸில்தான் போனோம். திருமலை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இடது காலை இன்னொரு நாற்காலியில் நீட்டியிருந்தார். கட்டுப் போட்டிருந்தது. சர்க்கரை வந்து, பழைய இடத்தில் புண் வைத்து ஆறாமல் இருந்ததாம். அவர் மனைவி கிளியம்மாள் எங்களைப் பார்த்ததும் தண்ணீர் எடுக்க உள்ளே போனாள்.

"வாங்க ஓட்டக்காரரே," என்றார் திருமலை. "பேனரு பாத்தேன். பல்லு நல்லாத் தெரியுது."

தாண்டவராயன் உட்காரவில்லை. "மஞ்சக் கோட்டத் தாண்டுனது நீ இல்ல. நாந்தான் வண்டிய உள்ள வுட்டேன். அன்னிக்கு காலைலயே குடிச்சிருந்தேன். என்கொயரில பொய் சொன்னேன்."

"இதச் சொல்லவா பஸ்ஸு ஏறி வந்த? என் காலுக்கே தெரியுமே இது."

அவர் என்னைப் பார்த்தார். அடுத்து நான்தான் பேச வேண்டும்.

"எனக்கும் அன்னிக்கே தெரியும்ணே. சொல்லாம வுட்டுட்டேன்."

"நீயுமா சசி?" என்றார். அவன் பேசியபோது வராத வருத்தம் இப்போது அவர் முகத்தில் வந்தது. இரண்டு டம்ளர் தண்ணீரோடு வந்த கிளியம்மாள், அதைக் கொடுக்காமலேயே உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இத்தனை வருஷம் இவனைக் கேவலமாகப் பார்த்த என் கண்ணை அன்றைக்கு எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"எனக்கு மெமோ குடுத்தான்யா," என்றார் திருமலை. "காலும் போயி, தப்பும் எம்மேல. அது இன்னும் என் ஃபைல்ல கெடக்குது. அங்க போயி எழுதிக் குடு. அப்பால இந்த வூட்டுக்கு வா."

கடிதத்தைத் தென்றல்தான் எழுதினாள். அவன் படியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவள் வாசலில் உட்கார்ந்து எழுதினாள். ஓரிடத்தில் பேனாவை நிறுத்தினாள்.

"அப்பா, மது அருந்தியிருந்தேன்னு எழுதவா, குடித்திருந்தேன்னு எழுதவா?"

"குடிச்சிருந்தேன்னே எழுதும்மா," என்றான்.

பழைய கம்பெனியில் அதை வாங்க ஆள் இல்லை. முதல் நாள் கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் முறை ஹெச்.ஆரில் ஒரு பெண், "ஆறு வருஷத்துக்கு முன்னாடி முடிஞ்ச விஷயம் சார், இப்ப எதுக்கு?" என்றாளாம். மூன்றாம் முறை காலை ஷிஃப்ட் உள்ளே போகும்போது போய் உட்கார்ந்தவன், அவர்கள் ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்வரை எழுந்திருக்கவில்லை. கடைசியில் தொல்லை விட்டால் போதும் என்று வாங்கிக்கொண்டு, நகலில் சீல் வைத்துக் கொடுத்தார்கள்.

இந்த ஹெச்.ஆர்காரர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்கிறவர்கள். நாலாம் நாள் பிரவீன் போன் செய்தான்.

"மேடம், ஃபங்ஷனை இப்போதைக்கு வேணாம்னு மேனேஜ்மென்ட்ல சொல்றாங்க. அந்த ஆக்சிடென்ட் விஷயம் கொஞ்சம் சென்சிட்டிவ்."

"இன்ஸ்பிரேஷன் தீந்துபோச்சா தம்பி?" என்றேன். போனை வைத்துவிட்டான். அன்றைக்கே பேனரை இறக்கிவிட்டார்களாம். குடித்துக் காலை நசுக்கியவன் உண்மை பேசாதவரை பேனரில் இருக்கலாம்; பேசினால் இறங்கிவிட வேண்டும். பெட்டி தூக்கும் வேலையை மட்டும் பிடுங்கவில்லை. அதற்கு வேறு ஆள் கிடைப்பது கஷ்டம்.

திருமலை நகலை இரண்டு முறை படித்தார். பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்தார். மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"செவ்வாக்கெழம செவ்வாக்கெழம பெரும்புதூர் ஆஸ்பத்திரில கட்டு மாத்தணும். கிளிக்கு லீவு கெடைக்கல. வந்து கூட்டிகினு போ," என்றார்.

தாண்டவராயன் செகண்ட் ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டான். மெர்சியின் தம்பி வண்டியைக் கடன் வாங்கி, செவ்வாய்க்கிழமை காலையில் திருமலையைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போனான். போகிற வழியெல்லாம் திட்டு. ஆஸ்பத்திரி வரிசையில் திட்டு. அவன் ஒரு பள்ளத்தில் வண்டியை விட்டால், "இதுவும் ஃபோர்க்லிஃப்ட்டுன்னு நெனச்சிகினியா?" என்பாராம். இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை எங்கள் படியில் உட்கார்ந்து சொல்வான். தென்றல் விழுந்து விழுந்து சிரிப்பாள். எனக்கும் சிரிப்பு வரும். அடுப்படிக்குப் போய்ச் சிரித்துவிட்டு வருவேன்.

எட்டு மாதம் ஓடிற்று. ஓட்டத்தையும் விடவில்லை. ஆனால் அடுத்த மாரத்தானுக்குப் பேர் கொடுக்கவில்லை. ஏன் என்று தென்றல் கேட்டதற்கு, "ஒரு தபா ஓடிப் பாத்தாச்சு. கூட்டமா ஓடறது ஒத்துவரல," என்றான்.

இந்த ஐப்பசியில் புண் ஆறியது. கடைசிக் கட்டைப் பிரித்த டாக்டர் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது திருமலை, "அடுத்த வாரம் வராத. வேல இல்ல," என்றாராம். கிளியம்மாள் உள்ளேயிருந்து ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தாளாம்.

அந்த ஞாயிறு மழை. சொட்டச் சொட்ட ஓடி வந்தவன், இதைச் சொல்லிவிட்டு, இனி செவ்வாய்க்கிழமையை என்ன செய்வது என்று தெரியாதவன்போல் படியிலேயே நின்றான்.

நீங்கள் சேர்ந்துவிட்டீர்களா என்று மெர்சி அடிக்கடி கேட்கிறாள். அவன் இன்னும் அவன் வீட்டில்தான் இருக்கிறான், நான் என் அறையில். மரியாதை வந்துவிட்டதா என்றால், இல்லை. பத்தொன்பது வருஷத்தை நாலு வருஷத்தில் ஓடிக் கடந்துவிட முடியாது. ஆனால் மழையில் ஒருத்தனை வாசலில் நிற்க வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கவும் எனக்கு அலுத்துவிட்டது.

"அங்க நின்னு இன்னா பண்ணப் போற? தலயத் தொடச்சிகினு உள்ள வா. வெங்காயம் உரி."

வந்து தரையில் உட்கார்ந்தான். உரித்த லட்சணத்தில் பாதி வெங்காயம் தோலோடேயே குப்பைக்குப் போயிற்று.