முதல் வருடப் புத்தகங்கள்

இதைச் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று தெரியவில்லை. அந்த ஆயுத பூஜை சமயத்தில் நான் வாயைத் திறந்து ஏதோ சொன்னதாகவே பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருமுறை தங்கை சுமலதாவிடம் கேட்டேன். "நீ ஒண்ணும் சொல்லலண்ணா" என்றாள். அதன் பிறகு அவள் நினைவைத்தான் நம்புகிறேன்.

2003. ஐதராபாத்தில், மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா வேதாசலம் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். சுமா அந்த ஊர் ப்ளஸ் டூவான இன்டர் முடித்து, மருத்துவ நுழைவுத் தேர்வை ஒருமுறை எழுதி, சீட்டுக்கு எட்டாத ரேங்க் வாங்கியிருந்தாள். வீட்டிலேயே படித்து மறுபடி எழுத அப்பா ஒரு வருடம் கொடுத்தார். கிடைக்காவிட்டால் கல்யாணம் என்று அப்போதே சொல்லிவிட்டார்.

பூஜைக்கு முந்தின நாள், பெரம்பூரிலிருந்து சம்பந்தம் மாமா ஓர் அட்டைப்பெட்டி அனுப்பினார். தெரிந்த ரயில்வே கார்டு ஒருவர் கையில் கொடுத்து ரயிலில் அனுப்புவது எங்கள் வழக்கம். ஊறுகாய், முறுக்கு எல்லாம் அப்படித்தான் வரும். இந்த முறை புத்தகங்கள். மாமாவின் மகள் அனுபமா அவற்றைப் படித்துத்தான் சென்னையில் டாக்டர் சீட் வாங்கியிருந்தாள்.

சுமா ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

"நக்கோப்பா, வேணாம். இதுல ஃபஸ்ட் இயர் பாடமே இல்ல. மெட்ராஸ்ல ப்ளஸ் டூ மட்டும்தான் கேப்பாங்க. இங்க ரெண்டு வருஷமும் கேப்பாங்க. நம்ம புக்குல இருக்கற லைனையே எடுத்துப் போடுவாங்க."

"கைக்கு நக்கோ? ஏன் வேணாம்? மெட்ராஸ்காரனுக்கு ஒரு ஈரல், ஐதராபாத்காரனுக்கு ரெண்டு ஈரலா?" என்றார் அப்பா.

அம்மா சிரித்துவிட்டாள். "எங்கண்ணன் ஆசையா அனுப்பியிருக்கு. வேணாம்னா மனசு கஷ்டப்படும்டி."

"சரி, ரெண்டையும் படிக்கறேன்."

"இந்த ஊர் புக்கைப் படிச்சுத்தானே போன தடவை கிழிச்ச?" என்றார் அப்பா.

சுமா என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நீயாவது சொல்லு."

நான் அமீர்பேட்டையில் கம்ப்யூட்டர் கோர்ஸில் சேர அப்பா அந்த வாரம்தான் சம்மதித்திருந்தார். பூஜைக்கு எடுத்து வைத்திருந்த சந்தனக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அந்தக் கிண்ணம்தான் தெளிவாக நினைவுக்கு வருகிறது.

மறுநாள் அப்பாவின் ஸ்பானருக்குப் பக்கத்தில் சென்னைப் புத்தகங்களுக்குக் குங்குமம் வைத்தார்கள். சுமாவின் பழைய புத்தகங்கள் பூஜைக்கு ஏறவில்லை. ஒற்றை அறையில் இரண்டு செட் எதற்கு என்று அப்பா கேட்டார். அடுத்த லைன் குவார்ட்டர்ஸில் இருந்த நஸ்ரினும் மறுபடி தேர்வு எழுதவிருந்தாள். அவளுக்குக் கொடுத்துவிடச் சொன்னார். நான்தான் சுமந்துகொண்டு போனேன். இரண்டு வருடம் சுமா பென்சிலால் கோடு போட்ட பக்கங்கள். ஓரங்களில் தெலுங்கில் அவள் எழுதிய குறிப்புகள்.

"சுமாக்கு வேணாமா? நிஜமாவா?" என்றாள் நஸ்ரின்.

"அவளுக்கு மெட்ராஸ்லேருந்து வந்திருக்கு."

பிப்ரவரியில் சுமா, அப்பாவுக்குத் தெரியாமல் முதல் வருடப் புத்தகங்கள் வாங்கி வரச் சொன்னாள். நஸ்ரினிடமே கேட்கவா என்றேன். "அவளும் அதைத்தானே படிக்கறா. குடுத்ததை எப்படிண்ணா கேக்கறது?"

கோட்டி நடைபாதைப் புத்தகக் கடையில் பழைய செட் கிடைத்தது. யாரோ நீல மையால் கோடு போட்டிருந்தார்கள். சுமா அதைப் புரட்டிப் பார்த்து, "இந்தப் பொண்ணு எல்லாத்தையும் தப்பா கோடு போட்டிருக்கா" என்றாள். பிறகு சென்னைப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்தாள். அதுவும் அப்பா வீட்டில் இல்லாத நேரம் மட்டும்.

மே மாதம் தேர்வு முடிந்து வெளியே வந்தவள் என்னோடு பஸ் ஸ்டாப் வரை நடந்தாள். பஸ் வருவதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "என் பழைய புக்குல எந்தப் பக்கம், எந்த மூலைன்னு கண்ணுல தெரியுதுண்ணா. அந்த வரி மட்டும் வரல."

ரிசல்ட் வந்ததும் நஸ்ரின் இனிப்போடு வந்தாள். புத்தகங்களையும் கொண்டுவந்திருந்தாள். "நீ கோடு போட்டதெல்லாம் அப்படியே வந்துச்சு சுமா." அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நஸ்ரின் டாக்டராகி மாவட்ட ஆஸ்பத்திரி ஒன்றில் இருக்கிறாள். அனுபமா சென்னையில் இருக்கிறாள். சுமாவுக்கு அடுத்த தை மாதம் கல்யாணம் ஆயிற்று. பாலாநகரில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். அப்பா ரிட்டையரான மறு வருடம் இறந்தார். அந்தப் புத்தகங்களைப் பற்றி மாமாவிடம் அம்மா இதுவரை எதுவும் சொல்லவில்லை. நான் மாதாப்பூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை செய்கிறேன்.