ஷுக்ரியின் எண் தகடு

பதுளையில் மூன்று நாளாக மழை விட்டபாடில்லை. மொஹிதீன் ஹாஜியார் பூசிய வெள்ளி வண்ணமும் காய்ந்தபாடில்லை.

வண்டியைத் தொட்டுப் பார்க்கிற ஆள் அல்ல அவர். அதற்காகவே ஒரு சோடாப் போத்தல் மூடியில் அதே வண்ணத்தை அதே நேரத்தில் பூசிப் பக்கத்தில் வைத்திருந்தார். கால் மணிக்கொரு தடவை எழுந்து போவார். மூடியைத் தொடுவார். விரல் ஒட்டும். மண்ணெண்ணெய்த் துணியில் விரலைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவார். உட்கார்ந்த இடம் சூடேறுமுன் மறுபடி எழுந்துவிடுவார்.

"இஞ்சாருங்க, இப்பதானே போய்ப் பாத்தீங்க. தொட்டில்ல புள்ளயா தூங்குது?" என்றாள் மனைவி ஸித்தி ஸுபைதா, அரிசி புடைத்தபடி.

"வெள்ளிக்கிழமைக்கு இன்னம் மூணு நாள்தான் ஈக்கி."

"அறுவத்தாறு வயசில ஹாஜியார் பொம்ம வண்டி செய்றார் எண்டு கடத்தெரு சிரிக்குது."

"பொம்மயில்ல அது. அசல் வண்டிய ஒன்பதா வகுத்து, ஒரு பங்கு. ஒரு ஆணி கூடப் பிசகாது."

"அசல் வண்டி ஈக்கக்குள்ள வாசலுக்குள்ள எடுக்க உடல்ல நீங்க. இப்ப ஒன்பதில ஒரு பங்க மேசையில வெச்சிக் கொஞ்சுறீங்க."

ஹாஜியார் எழுந்து போய் மூடியைத் தொட்டார்.

பதுளைக் கடைத்தெருவில் சைக்கிளும் மோட்டார் உதிரிப் பாகங்களும் விற்ற குடும்பம் அது. இப்போது கடையை மகன் அஸீஸ் பார்க்கிறான். ஹாஜியாரின் ஒரே தம்பி ஷுக்ரிக்கு மோட்டார் சைக்கிள் பந்தயப் பைத்தியம். கௌரவமான வியாபாரி வீட்டுப் பிள்ளை, தோல் சட்டை மாட்டிக்கொண்டு, தோட்டத்துத் துரைமார் விஸ்கி குடித்துக் கைதட்டுகிற இடத்தில் வண்டி ஓட்டுவதா? கூடாது என்றார் ஹாஜியார். தம்பி எதிர்த்துப் பேசவில்லை. வண்டியை ஸ்பிரிங்வெளித் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலைக் கராஜில் நிறுத்தி வைத்துக்கொண்டான். 1954ஆம் ஆண்டு நுவரெலியாப் பக்கம் நடந்த மலையேற்றப் போட்டியில் ஓடி, ஒரு வெள்ளிக் கோப்பையோடு வீட்டுக்கு வந்தான். கோப்பையைச் சாப்பாட்டு மேசையில் வைத்தான். அண்ணன் தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்தார். "எப்படி ஓடின?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. நாலு வருஷத்தில், காய்ச்சலில், ஷுக்ரி மௌத்தாகிப் போனான். வண்டியை அதற்கு முன்னமே கொழும்பில் யாருக்கோ விற்றிருந்தான்.

மிஞ்சியது கோப்பையும் ஒரு கறுப்பு வெள்ளைப் படமும். படத்தைப் பெரிதாக்கி வண்ணம் பூசித் தரும்படி ஹாஜியார் ஸ்டூடியோவில் கொடுத்தார். வண்டியின் நெற்றியில் முட்டை வடிவத் தகடு, அதில் 14 என்ற எண். ஸ்டூடியோக்காரன் தகட்டுக்கு மஞ்சள் பூசி எண்ணைக் கறுப்பாக எழுதிக் கொடுத்தான். பந்தயம் பார்த்துத் திரிந்த ஒரு தோட்டத்துக் கிளாக்கர் வீட்டுக்கு வந்தபோது அந்தப் படத்தின் முன் நின்றுவிட்டார். "ஹாஜியார், மஞ்சள் தகடு ஐந்நூறு சீசீ வகுப்புக்குத்தான். பெரிய வகுப்பு. உங்க தம்பி அதிலயா முதலாவது வந்தார்?" என்றார். கோப்பையில் முதலிடம் என்றுதான் வெட்டியிருந்தது, வகுப்பு இல்லை. அன்றிலிருந்து ஹாஜியார் குடும்பத்துக்கு அது ஐந்நூறு வகுப்பு. கடைசி வளைவில் தம்பி ஒரு துரையை முந்தினான் என்று எங்கிருந்தோ ஒட்டிக்கொண்ட கதையை, கல்யாண வீடுகளிலும் கடை வாசலிலும், நேரில் பார்த்தவர் போலச் சொல்லிச் சொல்லி, அவருக்கே அந்த வளைவு கண்ணில் தெரியத் தொடங்கிவிட்டது.

இப்போது முஸ்லிம் பாடசாலையின் பொன்விழாக் கண்காட்சி வருகிறது. ஊர்க் குடும்பங்களின் பெருமைக்குரிய பொருள்களைக் கேட்டிருந்தார்கள். கோப்பையோடு வண்டியையும் வைப்பேன் என்று ஹாஜியார் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்த வருஷம், ஊர் திரும்பிய ஒரு துரையின் சாமான்களை ஏலம் போட்டபோது வாங்கியது, பாகங்களைப் பொருத்தி இந்தச் சின்ன வண்டியைச் செய்கிற பெட்டி. இத்தாலியில் செய்தது. உள்ளே இருந்தது நார்ட்டன் பந்தய வண்டி, ஷுக்ரி ஓட்டிய அதே சாதி. மூன்று வருஷம் அலுமாரிக்கு மேல் கிடந்த பெட்டியை இரண்டு மாதத்துக்கு முன்தான் பிரித்தார். அன்றிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெட்ரோல் குழாய் பிளாஸ்டிக்காக இருந்தது பிடிக்காமல், கடையிலிருந்து சைக்கிள் வால்வு ரப்பரை வெட்டி வந்து மாட்டினார். எரிந்துபோன டைனமோவைப் பிரித்து, செப்புக் கம்பி எடுத்து பிரேக் கேபிள் இழுத்தார். பெட்ரோல் தொட்டியின் ஓரத்துச் சிவப்புக் கோட்டுக்கு எந்தத் தூரிகையும் சரிவரவில்லை. கடைசியில் ஸுபைதா கண்ணுக்கு இடுகிற சுருமாக் குச்சியை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே இழுப்பில் இழுத்தார். அவள் இரண்டு நாள் குச்சியைத் தேடினாள்.

எண் தகடுதான் பாக்கி. தண்ணீரில் நனைத்து ஒட்டுகிற எண்கள் பெட்டியிலேயே ஈரம் ஏறி ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. கையால்தான் எழுத வேண்டும். எழுதுவதென்றால் அளவு வேண்டும்.

அன்று அஸர் தொழுகைக்கு முன் ஹாஜியார் சுவரிலிருந்து படத்தை இறக்கினார். சட்டத்தின் பின் ஆணிகளைப் பிடுங்கி, கண்ணாடியை விலக்கினார். பூஞ்சணம் ஏறியிருந்தது. பஞ்சை லேசாக நனைத்து ஒற்றி எடுத்தார். வானம் துலங்கியது. தம்பியின் முகம் துலங்கியது. தகட்டுக்கு வந்தார்.

பஞ்சு மஞ்சளாயிற்று.

கையை எடுத்தார். பஞ்சைப் பார்த்தார். திரும்பவும் ஒற்றினார். மஞ்சள் போனது. அதன் மேல் எழுதியிருந்த கறுப்பு எண்ணும் போனது. அடியிலிருந்து கருந்தகட்டில் வெள்ளை எழுத்தாக 14 எழுந்து வந்தது.

மஞ்சளாக இருந்திருந்தால் படத்தில் தகடு வெளுத்தும் எண் கறுத்தும் அல்லவா இருக்க வேண்டும்? இருபது வருஷம் பெட்டிக்கடை முதல் பள்ளிவாசல் வரை தான் சொல்லித் திரிந்தது, ஒரு ஸ்டூடியோக்காரன் அழகுக்குப் பூசிய வண்ணத்தையா?

"என்ன, முகம் வெளுத்துப் போச்சி?" என்றாள் ஸுபைதா.

"ஒண்டுமில்ல. தூசி."

மறுநாள் காலை குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். எங்கே என்று வீட்டில் சொல்லவில்லை. ஸ்பிரிங்வெளியில் இறங்கி, சேறு தெறிக்கத் தொழிற்சாலைக் கராஜுக்கு நடந்தார். நல்லையா லாரிக்கு அடியில் கிடந்தான். ஷுக்ரியின் வண்டியைக் கழற்றி மாட்டியவன் அவன்தான். இத்தனை வருஷத்தில் ஹாஜியார் அவனோடு பத்து வார்த்தை பேசியதில்லை. தம்பியைக் கெடுத்தவன் என்பது அவர் எண்ணம்.

"அடடே, மொதலாளியா! இந்த மழையில எதுக்குங்க? ஆள் விட்டிருந்தா நானே வந்திருப்பேன்ல."

ஹாஜியார் நேரே கேட்கவில்லை. எண்ணெய்க் குழாய் இடப்பக்கமா வலப்பக்கமா என்றார். செயின் மூடி உண்டா என்றார். நல்லையா கராஜ் தரையில் கரியால் படம் போட்டே காட்டிவிட்டான். பிறகும் நின்றார். குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"எண் தகடு என்ன நெறம்?"

"நீலங்க. இந்தக் கையாலதான் அடிச்சேன். பெரிய பங்களா சன்னலுக்கு அடிச்ச பெயிண்டுல மிச்சம். தொரைக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது." சிரித்தான். "முந்நூத்தம்பது வகுப்புக்கு நீலந்தானேங்க. மஞ்ச அடிச்சா ஐநூறுல நிப்பாட்டிருவானுங்க."

"ஐநூறுல ஓடல்லயா அவன்?"

"ஓடச் சொன்னாங்க. மேல் டிவிசன் தொரை, ‘என்னோட ஐநூற எடுத்துக்க, அதுலயும் ஓடு, நீதான் ஜெயிப்பே’ன்னாரு. சின்ன மொதலாளி மாட்டேன்னுட்டாரு. ‘இரவல் வண்டி ஏறினா எங்க நானா வீட்டுக்குள்ள எடுக்க மாட்டார்’னு அண்ணன் உங்களத்தான் சொன்னாரு. நான், ‘இப்ப மட்டும் எடுக்குறாராக்கும்’னேன். அதுக்கு அவரு சிரிச்ச சிரிப்பு இருக்கே!"

ஹாஜியார் சிரிக்கவில்லை. கராஜ் கூரையில் மழை இரைந்துகொண்டிருந்தது.

"அந்த நீலம் எப்பிடி?"

"முன்பக்கச் சன்னலெல்லாம் மாத்தி அடிச்சிட்டாங்க. குசினிச் சன்னல் பழசுதான். வாங்க, காட்டுறேன்."

குசினிச் சன்னலின் கீழ்க்கட்டையில் உரிந்து நின்ற வண்ணத்தை நல்லையா பேனாக் கத்தியால் சுரண்டி, சிகரெட் பெட்டித் தாளில் மடித்துக் கொடுத்தான். ஹாஜியார் அதைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டார்.

"வெள்ளிக்கிழம பின்னேரம் நீயும் வா" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

வீட்டுக்கு வந்தும் மனம் அடங்கவில்லை. நீலம் என்று தெரிந்தவன் நல்லையா ஒருவன்தான். அவன் வாய் திறக்க மாட்டான். கண்காட்சிக் குழுத் தலைவர் புடவைக்கடை ஸலீம் பலகையே எழுதிவிட்டாராம்: ‘500 சீசீ வகுப்பில் துரைமாரைத் தோற்கடித்த பதுளை வீரர்.’ இனி மாற்றுவதென்றால் ஸலீமின் முன் நின்று மாற்ற வேண்டும். ஒரு சொல் பிசகாதவர் என்று ஊர் சொல்லும் மொஹிதீன் ஹாஜியார், பிசகினேன் என்று சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை காலையில் தகட்டுக்கு மஞ்சள்தான் பூசினார். அழகாகவும் இருந்தது; வெள்ளித் தொட்டிக்கு எடுப்பாக, விளக்கு ஏற்றி வைத்தது போல இருந்தது. நாற்காலியில் சாய்ந்து பார்த்தார். எழுந்து முற்றத்துக்குப் போனார். திரும்பி வந்து பார்த்தார். கடை வரைக்கும் நடந்து, படியேறாமலே திரும்பினார். மறுபடி பார்த்தார்.

துரை கொடுத்த ஐந்நூறை வேண்டாம் என்று தள்ளியவனுக்கு, நான் இரவல் வகுப்பை வாங்கிக் கொடுக்கிறேனா? அவன் எனக்காக விட்டதை அவன் தலையிலேயே கட்டுகிறேனா?

டர்பன்டைனில் துணியைத் தோய்த்து மஞ்சளைத் துடைத்தெடுத்தார். சிகரெட் தாளைப் பிரித்து, நீலச் சிம்பை வெள்ளைக் காகிதத்தில் வைத்தார். நீலத்தில் வெள்ளையைத் துளித்துளியாகச் சேர்த்து, ஒவ்வொரு தடவையும் சன்னலோரம் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்தார். பதினோராம் தடவையில் சிம்பு எது, வண்ணம் எது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. அதைத் தகட்டுக்குப் பூசி, பின்னேரம் சுருமாக் குச்சியால் வெள்ளையில் 14 எழுதினார்.

"அந்தக் குச்சி!" என்றாள் ஸுபைதா, பின்னால் நின்று. தகட்டைக் கண்டதும் அவளுடைய சத்தம் இறங்கியது. "நீலமா?"

"நீலந்தான்."

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு பாடசாலை மண்டபம் நிறைந்திருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் கோப்பைக்குப் பக்கத்தில் வண்டியை இறக்கி வைத்தார் ஹாஜியார். கூட்டம் குனிந்து பார்த்தது. "செயின்கூட ஓடும் போல ஈக்கி" என்றான் ஒருவன்.

ஸலீம் கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். "ஹாஜியார், தகடு நீலமா ஈக்குதே. உங்க ஊட்டுப் படத்தில மஞ்சளே?"

"படத்துக்கு மஞ்சள் பூசினது ஸ்டூடியோக்காரன். ஓடினது முந்நூற்றைம்பது வகுப்பில. பலகைய மாத்துங்க."

"இருவது வருஷமா ஐந்நூறு எண்டு நீங்கதானே செல்லி வந்தீங்க?"

"பிழையாச் செல்லிட்டேன்."

ஸலீமுக்கு இந்த இடத்தை விட மனமில்லை. "அப்ப அந்தக் கடேசி வளைவு? துரைய முந்தினது? அதையும் ஸ்டூடியோக்காரன்தான் பூசினானா?"

இரண்டொருவர் சிரித்தார்கள். ஹாஜியார் முதுகை நிமிர்த்தினார்.

"எனக்குத் தெரியாது. நான் அங்க போகல்ல. என்ட தம்பி ஓடினத நான் பாக்கல்ல. வந்தவன்கிட்டக் கேக்கவுமில்ல."

வாசலில் நனைந்த குடையோடு, உள்ளே வரலாமா என்று நின்றுகொண்டிருந்தான் நல்லையா. ஹாஜியார் அவனைக் கண்டார். முன்வரிசையில் தமக்குப் போட்டிருந்த நாற்காலியைத் தாமே தூக்கிக்கொண்டு போய்க் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இங்கால வா. இதில இரி. பாத்தவன் நீதான், நீ செல்லு."

"நான் நிக்கிறேங்க மொதலாளி."

"இரி எண்டா இரி."

நல்லையா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தான். எண்ணெய்க் கறை போகாத கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டான். பெட்டிக்குள் இருந்த வண்டியைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"அன்னிக்கு மொதல்ல வண்டியே கெளம்பலைங்க. பந்தய வண்டிய ஓடித் தள்ளித்தான் கெளப்பணும். எல்லாரும் போயிட்டாங்க. நம்ம சின்ன மொதலாளி மட்டும் தள்ளுறாரு, தள்ளுறாரு, உம்முனு நிக்கிது..."

கூட்டம் நெருங்கி வந்தது. ஸலீமும் ஓர் அடி முன்னால் வந்தார். இருபது வருஷமாகக் கடைசி வளைவிலேயே கதையைத் தொடங்கிய ஹாஜியார், தூணோரம் நின்றபடி, தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டுக்கொண்டார்.

"பொறகு?" என்றார்.