சொம்பு நிறைய

காளியப்பன் தம்பியின் தாடைக் கட்டைத் தளர்த்திவிட்டு, குவார்ட்டர் பாட்டிலின் மூடியைத் திருகினார். லிங்கப்பனைக் குளிப்பாட்டிப் புதுவேட்டி கட்டி, மாலை போட்டு வாசல் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். மயானத்துக்குப் போகும் வண்டி தெருமுனைக்கு வந்துவிட்டது.

"என்ன பண்றீங்க மாமா?" என்றாள் சொர்ணலதா. கிடந்தவன் அவள் புருஷன்.

"ஆசைப்பட்டதை ஒரு வாய் ஊத்தி அனுப்பறது நம்மூரு வழக்கந்தானே புள்ள. குடிச்சுக் குடிச்சே கிட்னியைக் கெடுத்துக்கிட்டான். போறப்ப மட்டும் எதுக்குக் கொறை வைக்கோணும்?"

சுற்றி நின்ற தெருக்காரர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. பாட்டில் எல்லோருக்கும் புரிந்தது. தம்பி படுத்த படுக்கையாகக் கிடந்த காலமெல்லாம் மைசூர்ப் பக்கம் எட்டிப் பார்க்காத மனுஷன், இன்றைக்கு ஹனூரிலிருந்து முதல் பஸ் பிடித்து இதைத்தான் கொண்டுவந்திருக்கிறார். சொர்ணலதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

லிங்கப்பன் சாராயத்தைத் தொட்டதே இல்லை. ரத்தக் கொதிப்புதான் அவன் சிறுநீரகத்தைத் தின்றது. டயாலிசிஸ் போய் வந்தும் கை சொன்ன பேச்சு கேட்கவில்லை. டாக்டர் இரண்டு கைகளையும் பஸ்ஸை நிறுத்துவதுபோல நீட்டச் சொன்னார். மணிக்கட்டு சட்டென்று தொங்கியது, எழுந்தது, மறுபடி தொங்கியது. ரத்தத்தில் தேங்கிய கழிவு செய்கிற வேலை என்றார் அவர்.

அந்தக் கையோடுதான் காளியப்பன் மகள் நிச்சயத்தில், சித்தப்பன் என்ற உரிமையில், தாம்பூலத் தட்டை எடுத்துக் கொடுத்தான். பாதியில் கை தொங்கிவிட்டது. தேங்காய் உருண்டுபோய்ச் சம்பந்தியின் காலடியில் நின்றது.

"குடிச்சுப்போட்டு சபைக்கு வந்திருக்குது நாயி!" காளியப்பன் எல்லோர் முன்னாலும் தம்பியை அறைந்தார். சொர்ணலதா டாக்டர் சொன்னதைச் சொல்லிப் பார்த்தாள். குடிகாரன் பொண்டாட்டி வேறென்ன சொல்லுவாள் என்றார்.

அதற்குப் பிறகு நாலு பேர் இருக்கிற இடத்தில் உட்கார்ந்தால் லிங்கப்பன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொள்வான். அவன் அண்ணனை மன்னித்திருக்கலாம். அவள் மன்னிக்கவில்லை.

பாட்டிலைப் பிடுங்கிச் சாக்கடையில் கவிழ்த்தாள். நெடி தெருவெங்கும் ஏறியது.

"பேடம்மா, வேணாம், எல்லாரும் பாக்கறாங்க" என்று மகள் மனிஷா கையைப் பிடித்தாள்.

"பாக்கட்டும்."

உள்ளே போய்ச் சொம்பு தளும்பத் தண்ணீரோடு வந்தாள்.

"அவரு ஆசைப்பட்டது தண்ணிக்குத்தான் மாமா. ஒடம்புல நீர் கோத்துக்குமுன்னு டாக்டரு அளந்துதான் குடுக்கச் சொன்னாரு. நேத்து சாயங்காலங்கூட ஒரு சொம்பு கேட்டாரு. ஒரு மொடக்குத்தான் குடுத்தேன். வழக்கந்தானே, இதை ஊத்துங்க."

காளியப்பன் மறுக்க முடியாமல் இரண்டு கைகளாலும் வாங்கினார். குனிந்தார். தம்பியின் முகத்தை அப்போதுதான் இத்தனை பக்கத்தில் பார்த்திருப்பார். கைகள் நடுங்க ஆரம்பித்தன. தண்ணீர் தளும்பி அவர் வேட்டியிலேயே கொட்டியது.

சொர்ணலதா அந்தக் கைகளையே பார்த்தாள். தெருவும் பார்த்தது.

"குடிச்சிருக்கீங்களா மாமா?"

அவர் சொம்பைப் பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டு எட்டப் போய் நின்றுகொண்டார்.

அவள் சொம்பை எடுத்தாள். தண்ணீர் கொடுக்கும்போதெல்லாம் செய்வதுபோல, இடக்கையால் புருஷனின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அது ஆடவில்லை. தண்ணீர் வாய் நிறைந்து, கடைவாயில் வழிந்து, மாலையை நனைத்துக் கீழே ஓடியது. அவள் நிறுத்தவில்லை.

சொம்பு காலியானதும் மனிஷாவிடம் நீட்டினாள்.

"இன்னொண்ணு கொண்டா."