சகலை தூக்கிப்போட்ட சர்வர்

என் சகலையை இந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே நான்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவனை யாராவது பார்க்க ஆசைப்பட்டால் தாராளமாக என்னைக் காட்டலாம்.

என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். இங்கே வந்தபோது சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருந்தார். சர்வர் அறைக் கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்றுகூடத் தெரியாது. அந்த அறைக்கு நான்தான் ராஜா. கம்பெனி வெப்சைட்டை ஓட்டுகிற அந்த சர்வர் மெஷின்களுக்கெல்லாம் பேர் வைத்திருந்தேன்: பெரியவன், ஊமையன், கோபக்காரி. எதற்கு உடம்பு சரியில்லை என்று விசிறிச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன்.

அப்புறம்தான் நிர்வாகம் எல்லாவற்றையும் கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்களுக்கு, மாற்றப்போவதாக அறிவித்தது. வருடக் கடைசியில் சர்வர் அறையை மூடிவிடுவார்கள். கிளவுட் குழுவுக்கு உள்ளேயிருந்து ஒரே ஒருவரைச் செய்முறைத் தேர்வு வைத்து எடுப்பார்கள். அந்த இடம் கிடைக்காவிட்டால் எனக்கு உட்கார இங்கே நாற்காலி இல்லை.

சகலையும் பேர் கொடுத்தார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

நான் கேள்வி பதிலெல்லாம் உருப்போட்டு கிளவுட் சான்றிதழ் வாங்கி, சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினேன். அவர் அந்தப் பக்கமே போகவில்லை. இலவசப் பயிற்சிக் கணக்கு ஒன்றைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரு சின்ன வெப்சைட்டைக் கட்டுவார், அடியோடு அழிப்பார், மறுபடி கட்டுவார். என்னென்ன வேண்டுமோ எல்லாவற்றையும் புரோகிராம் கோடாக எழுதிவைத்திருந்தார். அதை ஓட்டினால் சர்வர் தானாக எழுந்து நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அவர் வீட்டுக்குப் போனபோது இந்தக் கூத்தைப் பார்த்தேன்.

"கட்டுறதும் இடிக்கிறதும்... சின்னப் பசங்க மண்ணுல விளையாடுற மாதிரி இருக்கே, சகல?"

"இடிச்சு இடிச்சுக் கட்டினாத்தான் பயம் போகுதுண்ணா."

"மாப்பிள்ளை லீவு நாள்லகூட எப்படி உழைக்கிறார் பாரு" என்று என் மாமியார் உருகினார். நானும் மாப்பிள்ளைதான். அன்றைக்கு அந்த வீட்டில் யாருக்கும் அது ஞாபகமில்லை.

தேர்வு நாளில் மேலாளர் அம்மா எங்கள் இருவருக்கும் தனித்தனி அறையில் ஒரே சிக்கலைக் கொடுத்தார். எங்கள் கம்பெனி வெப்சைட்டின் நகல் கிளவுடில் விழுந்து கிடந்தது.

"அரை மணி நேரம் இருக்கு. எழுப்புங்க."

சிரிப்பு வந்தது. நோய் பார்ப்பது என் பிழைப்பு. சர்வருக்குள் இறங்கி ஒவ்வொரு பதிவாகப் படித்தேன். சர்வர் தன் நடப்பையெல்லாம் எழுதிவைக்கும் லாக் கோப்பு ஊதிப் பெருத்து டிஸ்க்கை அடைத்திருந்தது. பழைய லாக்கைக் கழித்துக்கட்ட வேண்டிய புரோகிராம், அந்தக் கோப்பைத் தொட அனுமதி இல்லாமல் நின்றுபோயிருந்தது. இரண்டையும் சரிசெய்தேன். நேரம் முடிவதற்குள் வெப்சைட் எழுந்துவிட்டது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

"நீங்க காரணத்தைத் தேடி முடிக்கிற வரைக்கும் வாடிக்கையாளர் என்ன பண்ணுவார்?" என்று கேட்டார் அந்த அம்மா.

"காரணமே தெரியாம எப்படி மேடம் எழுப்புறது?"

அடுத்த அறையில் சகலை அதற்குள் டீ குடித்துக்கொண்டிருந்தார். சீக்கு வந்த சர்வரை ஏறெடுத்தும் பார்க்காமல் தூக்கிப்போட்டுவிட்டு, வீட்டில் பழகிய மாதிரியே புரோகிராம் கோட் எழுதி ஓட்டிப் புதுசை எழுப்பியிருக்கிறார். இடம் அவருக்குத்தான் கிடைத்தது. நோயாளியைக் காப்பாற்றியவன் வெளியே, கழுத்தைத் திருகியவர் உள்ளே! "யாருக்குக் கிடைச்சா என்னங்க, எல்லாம் நம்ம குடும்பம்தானே" என்றாள் என் மனைவி. அவள்மேலும் எரிந்து விழுந்தேன்.

சில வாரங்கள் கழித்து, லேப்டாப்பும் கையுமாக சகலை சர்வர் அறைக்கு வந்தார். பாதி மெஷின்களை அதற்குள் நிறுத்தியிருந்தார்கள்.

"அண்ணா, அன்னைக்குத் தேர்வுல அந்த சர்வருக்கு என்னதான் ஆச்சு?"

"அதான் தூக்கிப்போட்டாச்சே. இப்ப எதுக்கு?"

"எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியலண்ணா. அதான் தூக்கிப்போட்டேன். இப்ப நிஜ வெப்சைட்டும் அதே மாதிரி வாராவாரம் விழுது. நானும் தூக்கிப்போட்டுத் தூக்கிப்போட்டுப் புதுசு வைக்கிறேன். நீங்க உள்ள இறங்கிக் கண்டுபிடிச்சீங்கன்னு மேடம் சொன்னாங்க. கேட்டதும் எனக்குப் பொறாமையா போச்சு."

என் வயிற்றில் பாலை வார்த்தார் மனுஷன். சாய்ந்து உட்கார்ந்து, லாக் கதையையும் அனுமதிக் கதையையும் பெரிய மனசோடு சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே லேப்டாப்பைத் திறந்து தன் கோடில் ஏதோ ஒரே ஒரு வரி சேர்த்தார்.

"என்ன எழுதினீங்க?"

"இனிமே எழுந்திரிக்கிற ஒவ்வொரு சர்வரும் இந்த அனுமதியோடயே எழுந்திரிக்கும். இந்த நோய் இனி எதுக்கும் வராதுண்ணா."

நான் அரை மணி நேரம் வியர்த்து ஒரே ஒரு சர்வரைப் பிழைக்க வைத்தேன். இந்த ஆள் என் வைத்தியத்தையே கேட்டு வாங்கி, இன்னும் பிறக்காத சர்வர்களுக்கெல்லாம் ஒரு வரியில் தடுப்பூசி போட்டுவிட்டார். தேர்வில் தோற்ற அன்றுகூட எனக்கு இப்படி எரியவில்லை.

"அந்த வரியை அழிங்க சகல" என்றேன்.

திடுக்கிட்டுப் பார்த்தார். "ஏண்ணா?"

"அழிச்சிட்டு லேப்டாப்பை இப்படித் தள்ளுங்க. நான் எழுதறேன். தப்பு வந்தா சொல்லுங்க."