கைக்கு வந்த எலிகள்

1

இந்தக் கதையை வேடிக்கைக்காகத்தான் தொடங்கினேன். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கால்நடை மருந்தகம். சினை ஊசிக்கு வந்த மாடுகளுக்கும் கழிச்சல் கண்ட ஆடுகளுக்கும் நடுவே, செல்போன் பழுதுபார்க்கும் ஜாஃபர் சாதிக் தலையணை உறைக்குள் ஒரு பாம்போடு உட்கார்ந்திருந்தார். நான் என் நாய்க்கு ஊசி போடப் போயிருந்தேன். பார்த்ததுமே கதை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

2

முதல் தொடக்கம்: "பாம்புக்கு உடம்பு சரியில்லை என்றதும் ஊரே சிரித்தது."

(அடித்துவிட்டேன். ஊர் சிரிக்கவில்லை. ஆட்டைப் பிடித்திருந்த ஓர் அம்மாள்தான் கேட்டார்: "ஊசி யாருக்கு பாய், பாம்புக்கா, போடப்போற டாக்டருக்கா?")

இரண்டாவது: "ஆப்பிரிக்கக் காட்டில் பிறந்திருக்க வேண்டிய அந்த மலைப்பாம்பு, காவிரியின் கடைமடையில்…"

(அது பிறந்தது சென்னையில், ஒரு பிளாஸ்டிக் டப்பாவில். வளர்க்க அனுமதிச் சான்றும் இருந்தது. உறையைத் திறக்குமுன் டாக்டர் ஷோபனா கேட்டது அதைத்தான்.)

3

பாம்பின் ஈறுகளில் ரத்தம். டாக்டர் சென்னையில் யாரிடமோ போனில் பேசினார். பிறகு என்ன இரை கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். வயல் எலி என்றார் ஜாஃபர் சாதிக். கொண்டுவந்து தருபவர் பக்கிரி. மூங்கில் கிட்டி வைத்து வயலில் எலி பிடிப்பவர். டாக்டர் அவரை வரச்சொன்னார். ரத்தம் உறைவதற்கான ஊசியைப் பாம்புக்குப் போட்டார்.

என் முதல் பிரதியில் பக்கிரி ஓர் அடைப்புக்குறிக்குள் இருந்தார்: (எலி கொண்டுவருபவர்). சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தபின் அவரை அங்கே வைத்திருக்க முடியவில்லை.

அந்த வயலில் எலிக்கு விஷக் கேக் வைத்திருந்தார்களா என்று டாக்டர் கேட்டார்.

"வச்சிருந்தாங்க. ஆனா கேக்கு தின்ன எலி செத்துருமுங்களே. நான் குடுத்தது எல்லாம் உசுரோட இருந்துச்சு. இந்த வருசம் ஓடக்கூட இல்ல, கைக்கே வந்துச்சு."

ரத்தத்தை உறையவிடாத அந்த விஷம் உடனே கொல்லாது, சில நாள் எலியைத் தள்ளாடவிட்டுத்தான் கொல்லும், அந்த எலியைத் தின்பதற்கும் ஏறும் என்று டாக்டர் விளக்கினார். பக்கிரி கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"வீட்லயும் அதாங்க கொழம்பு. பொண்ணுக்கு நாலு நாளா பல்லுல ரத்தம். பிரஷ்ஷு சரியில்லன்னு வேற வாங்கிக் குடுத்தேன்."

(அந்த நேரத்தில் நான் நோட்டில் பாம்பின் எடையைக் குறித்துக்கொண்டிருந்தேன். ஒரு கிலோ இருநூறு.)

"இதே ஊசிய அதுக்கும் போட்டுருங்களேம்மா."

"நான் மாட்டு டாக்டருங்க, மனுஷங்களுக்குப் போடக் கூடாது. இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. எலி சாப்பிட்டதச் சொல்லணும். சொன்னாத்தான் ரத்தத்தை டெஸ்ட் பண்ணுவாங்க."

விஷத்தின் பெயரை எழுதிக் கொடுத்தார். பக்கிரி சீட்டின் தலைப்பைப் பார்த்தார். கால்நடை மருந்தகம்.

"பன்னெண்டாவது படிக்கிறா. பக்கத்துல அவள நிக்க வச்சுக்கிட்டு, எலி தின்னோம்னு இந்த மாட்டு ஆஸ்பத்திரிச் சீட்டை எப்புடிங்க நீட்டுறது? வழுக்கி விழுந்துட்டான்னு சொல்லிக்கிறேன்."

அப்படிச் சொல்லவே கூடாது என்றார் டாக்டர். பக்கிரி தலையாட்டிவிட்டுப் போனார். எதற்குத் தலையாட்டினார் என்று தெரியவில்லை.

4

மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்றில் பக்கிரி உண்மையைச் சொல்கிறார், மகள் பிழைக்கிறாள். அதை எழுத ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, அதனாலேயே நம்பவில்லை.

இன்னொன்றில் வழுக்கி விழுந்தாள் என்கிறார். வலி மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள். மறுநாள் காலை அவள் வகுப்பில்…

மூன்றாவதில் நான் அவர்களை என் வண்டியில் கூட்டிப்போய், அவருக்குப் பதிலாக நானே சொல்கிறேன். இது பொய். என் நாயின் முறை வந்திருந்தது.

5

ஆகவே இவ்வளவுதான் என்னால் முடியும். பெரியாஸ்பத்திரி, சீட்டுப் போடும் ஜன்னல். மகள் துப்பட்டாவால் வாயை மூடியிருக்கிறாள். உள்ளே இருப்பவர் நிமிராமலேயே "என்ன செய்யுது?" என்று கேட்கிறார். வரிசையில் அடுத்து நிற்பது நீங்கள். காது கேட்கும் தூரம்.

பக்கிரி திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கிறார்.