பெட்டிக்குள் காணாமல் போன சங்குண்ணி மாரார்

1.

மூன்றாவது பெட்டி வைப்பவன் இசைக்கு மட்டுமல்ல, மனித குலத்துக்கே எதிரி.

இதைச் சொன்னவன் பிரஜோஷ். சேர்ப்பு என்ற ஊரின் கடைத்தெருவில், வாயில் பழம்பொரியோடு, சிரிக்காமல் சொன்னான். பழம்பொரி அவனுக்குள் போனது, கதை எனக்குள் வந்தது. இதைவிடக் கௌரவமான தோற்றுவாய் ஒன்றை யோசித்துப் பார்த்தேன், அமையவில்லை.

பிரஜோஷ் தன் கையாலேயே பலகை அறுத்து இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் செய்தவன். ஒவ்வொன்றிலும் கீழே ஆறங்குல வூஃபர், மேலே குட்டி ட்வீட்டர். அடித்தொனிக்குத் தனியாக, மூன்றாவது பெட்டியாக, ஒரு சப்வூஃபர் சேர்க்கச் சொன்ன நண்பர்களிடம், "அதெல்லாம் டூரிஸ்ட் பஸ்ஸுக்குடா. என் வீட்டுக்கு என்ன சக்கரமா இருக்கு?" என்பான்.

2.

பெருவனத்து வானில் முழுநிலவு மெல்ல— (வேண்டாம். கதை மதியம் நடக்கிறது.)

பிரஜோஷின் காதலி ரஞ்ஜுஷாவின் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்திருந்தார்கள். காதலர்கள் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். அவளுடைய அப்பா சங்குண்ணி மாரார் தலையசைப்பதுதான் பாக்கி. மாரார் கோயில் மேளத்தில் பின்வரிசைச் செண்டைக்காரர். செண்டையின் தடித்த முகத்தில், வலந்தலையில், தாளம் பிடிப்பவர். முன்வரிசையில் நின்று மெல்லிய முகத்தில் உருட்டுபவர் பிரஜோஷின் தாய்மாமன். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.*

மாமனாரை மடக்குவதற்காக, போன பூரத் திருவிழாவின் மேளப் பதிவைப் போட்டான் பிரஜோஷ். தாய்மாமனின் உருட்டல் ஒவ்வொரு மணியாகத் தெறித்தது. மாரார் பரிப்புவடையைத் தட்டில் வைத்தார்.

"நான் எங்கே?"

"இங்கதானே உக்காந்திருக்கீங்க அச்சா," என்றாள் ரஞ்ஜுஷா.

"பெட்டியில எங்கேடீ? அன்னிக்கு அடிச்ச அடியில என் தோளே இறங்கிப் போச்சு. இதுல இவன் மாமன் மட்டும்தான் இருக்கான். என்னை வெட்டிட்டே, இல்லையா மோனே?"

"ஐயோ, வெட்டலை அச்சா!"

"இன்னும் அச்சா ஆகலை."

* காரணம் கண்டுபிடிக்கச் சோம்பலாக இருக்கிறது. உங்கள் சொந்தக்காரர்களிடமிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

3.

(இங்கே ஒரு சின்னக் கட்டுரை. ஆறங்குல வூஃபர் ஓரளவுக்குமேல் ஆழத்தில் இறங்காது. வலந்தலையின் கும்மென்ற ஒலி குடியிருப்பதோ அதற்கும் கீழே. ஆகவே மாரார் வெட்டப்படவில்லை; பதிவில் பத்திரமாக இருந்தார். மேலே ஏறிவர அவருக்குப் படிக்கட்டுதான் இல்லை.)

பிரஜோஷ் இதை அங்கேயே விளக்கியிருக்கலாம். விளக்கினால் மூன்றாவது பெட்டி தேவை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். எனவே அவன் வீரமாக

தியாகத்தோடு

பேசாமல் இருந்தான். இந்த இடத்தில் பாத்திரத்தின் மீது எனக்கே நம்பிக்கை போய்விட்டது. கல்யாணத்தைவிட வாய்ச்சவடாலைப் பெரிதாக நினைக்கும் மனிதன் உண்டா? எங்கள் கல்லூரியில் விசாரித்தேன். உண்டு.

அன்று சாயங்காலம் ரஞ்ஜுஷா போன் செய்தாள்.

"பிரஜோஷேட்டா, ஞாயித்துக்கிழமை அச்சன் திரும்ப வர்றார். அவர் அடிச்சது அவர் காதுல விழணுமாம். இல்லேன்னா வேற பையனாம்."

"அதுக்கு வீட்டை டூரிஸ்ட் பஸ் ஆக்கணும்டீ."

"ஆக்குங்க. நான் ஏறிக்கறேன்."

4.

முடிவு அ: மாரார் மனம் மாறி ஆசீர்வதிக்கிறார். (ஏன் மாறினார்? எனக்கும் தெரியவில்லை. கோடு போட்டு அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: மாராரும் தாய்மாமனும் கட்டிப்பிடித்துக் கண்ணீர் (நான் இருவரையும் நேரில் பார்த்திருக்கிறேன். நடக்காது.)

ஆகவே மாரார் தலையசைத்தாரா என்பதை நீங்களே தீர்மானியுங்கள். எனக்குத் தெரிந்தது சனிக்கிழமை வரைதான். அன்று மதியம் பிரஜோஷின் வீட்டுக்குள்ளிருந்து பலகை அறுக்கும் சத்தம் வந்தது.

"என்னடா பண்றே?" என்று வாசலிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டார் தாய்மாமன்.

"செருப்பு ஸ்டாண்டு, மாமா."

"இவ்வளவு பெரிய வட்ட ஓட்டை எதுக்கு?"

"காத்தோட்டம்."

மாமன் போனதும், பிரஜோஷ் செருப்பு ஸ்டாண்டை சோபாவுக்குப் பின்னால் தள்ளி, மேலே ஒரு வேட்டியைப் போர்த்தினான். பழைய பெட்டிகள் கைவிடும் இடத்தில் புதியது பிடித்துக்கொள்ளும்படி குமிழைத் திருப்பினான். மேளத்தைப் போட்டான். வலந்தலை கும்மென்றதில் சுவரில் காலண்டர் லேசாக ஆடியது.

எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினான். திரும்பி வந்து, இன்னும் கொஞ்சம் கூட்டினான்.